நீதிபதி உங்கள் கதையைக் கேட்கப்போவதில்லை

போன வெள்ளிக்கிழமை, அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் சட்ட அலுவலகத்தைப் பூட்டப்போகிற நேரத்தில் ஒரு தம்பி வந்தார். கையில் தடித்த ஃபைல். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டார். கோயில் நிர்வாகசபையின் கடிதம், வேலை கொடுத்தவரின் கடிதம், ஊரில் கிராம சேவையாளர் எழுதிக் கொடுத்தது, முதுகுத் தழும்பின் படங்கள் நான்கு.

"அக்கா, ட்ரைபியூனல் எல்லாம் வேண்டாம். நேரே கோர்ட்டுக்குப் போவோம். நீதிபதிக்கு முன்னால் ஒருதரம் நின்று கதைத்தால் அவருக்கு விளங்கும்."

கடிதங்களை நான் தொடவில்லை. புகலிட விசா மறுப்பு வந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள் என்றேன். கைப்பேசியை நீட்டினார். நாட்காட்டியை இழுத்து வைத்து, பென்சிலால் ஒவ்வொரு நாளாகப் புள்ளி வைத்து எண்ணினேன். ட்ரைபியூனலுக்குப் போக இருக்கும் 28 நாள் முடிந்து, மேலும் 3 நாள் போயிருந்தது.

இப்படி வருகிறவர்களை எண்ணுவதை நான் விட்டுப் பல காலமாகிவிட்டது. பிறகு என்மீதுதான் கோபிக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன். (இது பொதுத் தகவல், உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல. இந்த வரியை எழுதாவிட்டால் என் காப்புறுதிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

அவுஸ்திரேலியாவில் உங்கள் கதையைக் கேட்டு, அதை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்கிற இடங்கள் இரண்டுதான். முதலாவது, விசா முடிவெடுக்கும் உள்துறைத் திணைக்களம். இரண்டாவது, 2024 அக்டோபர் 14 அன்று பழைய தீர்ப்பாயத்தை மூடிவிட்டுத் திறந்த நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம். நாங்கள் ட்ரைபியூனல் என்று சொல்வது அதைத்தான். அங்கே உறுப்பினர் உங்களை உட்காரவைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக முதலிலிருந்து கேட்பார். தழும்பின் படமும் கிராம சேவையாளர் கடிதமும் போகவேண்டிய இடம் அது. அதைச் சின்ன இடம், கோர்ட்தான் பெரிய இடம் என்று நினைத்து ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

கோர்ட்டில் நீதிபதி கேட்பது வேறு கேள்வி. உங்களுக்கு ஊரில் ஆபத்தா என்று அவர் கேட்கமாட்டார். தீர்ப்பாயம் முடிவெடுத்த விதம் சட்டப்படி சரியா என்று மட்டுமே பார்ப்பார். நீங்கள் சொன்ன ஒரு முக்கியமான காரணத்தைத் தீர்ப்பாயம் கவனிக்காமலே விட்டதா? உங்களுக்கு எதிரான தகவலை உங்களிடம் காட்டிப் பதில் கேட்காமல் பயன்படுத்தியதா? மொழிபெயர்ப்பு கதையையே மாற்றிவிட்டதா? இப்படி ஏதாவது இருந்தால் அந்த முடிவை ரத்துச் செய்வார். அப்போதும் விசா தரமாட்டார். வழக்கு திரும்பத் தீர்ப்பாயத்துக்கே போகும். "உறுப்பினர் என்னை நம்பவில்லை" என்பது மட்டும் சட்டப் பிழை ஆகாது. இதை வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று யோசித்திருக்கிறேன்.

"ஹைகோர்ட் எங்கள் ஆட்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொன்னது. (ஊரில் ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கீழே. இங்கே சுப்ரீம் கோர்ட் மாநிலத்துக்குரியது, கன்பராவில் இருக்கும் ஹைகோர்ட்தான் நாட்டின் உச்சம். இதைக் குழப்பிக்கொண்டு வராத ஆள் குறைவு.) 2010 நவம்பர் 11 அன்று, கிறிஸ்மஸ் தீவில் வைக்கப்பட்டிருந்த இலங்கையர் இருவரின் வழக்கில் ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: அவர்களுடைய கோரிக்கையை ஆராய்ந்த முறையில் சட்டப் பிழை இருக்கிறது, நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை. பெரிய வெற்றிதான். ஆனால் அன்று அந்த இருவருக்கும் நீதிமன்றம் விசா கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது.

2023 நவம்பர் 8 தீர்ப்பையும் காட்டுகிறார்கள். நாடு கடத்த வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைத்துவைக்க முடியாது என்ற தீர்ப்பு அது. நீதிபதிகள் இரங்கினார்கள் என்பது நம்மவர்களின் விளக்கம். தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அரசாங்கத்தின் வேலை அல்ல என்ற அரசியலமைப்புக் கொள்கையே அங்கே வென்றது. நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. எட்டு நாளில் புதிய சட்டம் நிறைவேற்றி, வெளியே வந்தவர்களுக்குக் கணுக்காலில் மாட்டும் கண்காணிப்புப் பட்டையும் இரவு ஊரடங்கும் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 6 அன்று ஹைகோர்ட் அந்த விதிகளையும் செல்லாது என்றது. ஒருவர் எழுத, மற்றவர் அடிக்க, திரும்ப எழுத, இப்படித்தான் இங்கே சட்டம் உருவாகிறது. "துன்புறுத்தப்படுவதற்கு உண்மையான வாய்ப்பு" என்று இன்று அகதிச் சட்டத்தில் இருக்கும் அளவுகோல்கூட 1989இல் ஹைகோர்ட் ஒரு வழக்கில் சொன்னதுதான். நாடாளுமன்றம் 2014இல் அதைச் சட்டத்துக்குள் எழுதிக்கொண்டது.

நாடாளுமன்றத்தால் தொட முடியாதது ஒன்று உண்டு. அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு, ஐந்தாம் உட்பிரிவு. மத்திய அரசின் அதிகாரி சட்டத்தை மீறினால் ஹைகோர்ட்டில் கேட்கலாம் என்ற உரிமை அது. அதை எடுக்க மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். 1901இலிருந்து இதுவரை நடந்த 45 வாக்கெடுப்புக் கேள்விகளில் வென்றவை எட்டு. ஆனால் அந்தக் கதவும் சட்டப் பிழைக்காகத் திறப்பது, கதை சொல்ல அல்ல.

இனி நாள் கணக்கு. தடுப்பில் இல்லாதவர் தீர்ப்பாயத்துக்குப் போக 28 நாள். தீர்ப்பாயம் விரும்பினாலும் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது. மின்னஞ்சலை நீங்கள் திறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். அனுப்பிய நாளின் முடிவிலேயே அது உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். உங்கள் குடிவரவு முகவரின் முகவரியைக் கொடுத்திருந்தால் அவருக்கு வந்ததே உங்களுக்கு வந்தது. "அவர் சொல்லவில்லை" என்பது பதில் இல்லை. தீர்ப்பாயமும் மறுத்தால் கோர்ட்டுக்கு 35 நாள், அதுவும் முடிவுக்கு இடப்பட்ட தேதியிலிருந்து. இதையாவது கோர்ட் நீட்டிக்கலாம், நல்ல காரணம் எழுத்தில் வேண்டும். தோற்றால் அரசின் வழக்குச் செலவில் பல ஆயிரம் டொலர் உங்கள் தலையில் விழும். வெல்ல வழியில்லாத வழக்கில் கையெழுத்துப் போட எனக்கும் அனுமதியில்லை, அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. தீர்ப்பாயத்துக்கே போகாமல் விட்டவரின் வழக்கை எடுக்க இந்த வழக்குகள் முதலில் போகும் ஃபெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை.

தயவுசெய்து, ஒவ்வொரு நாள் இரவும் மின்னஞ்சலைப் பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. வீடு மாறினால், நம்பர் மாறினால் திணைக்களத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். முகவரிடம் பதிவு எண் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே. கடைசி நாளில் வந்து அழாதீர்கள், எனக்கும் அழுகை வருகிறது.

அந்தத் தம்பி மறுபடி புகலிட விண்ணப்பம் போடுவதென்றால் அமைச்சரே தனிப்பட்ட முறையில் அனுமதிக்க வேண்டும். அனுமதிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. இப்போது அவருடைய ஃபைலில் நான் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாளை: மறுப்பை அறிவித்த அந்தக் கடிதம். காலக்கெடு தெளிவாக இல்லாத கடிதத்தால் நாள் ஓடத் தொடங்காது என்று 2019இல் ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மூன்று முறை வாசித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. திங்கட்கிழமை பாரிஸ்டரிடம் காட்டப்போகிறேன்.