டிஜிஸ்கோப்பிங்: நோக்கி எடுக்கும் படம்

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி மலையடிவாரத்தில் ஒரு நாள் காலையில் முக்காலியை விரித்து, ஸ்கோப் என்று நாங்கள் சொல்லும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொரட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். “என்ன தம்பி, சர்வேயா?” குரலில் விளையாட்டு இல்லை. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்து, மேலூர்ப் பக்கமே கொதித்தெழுந்து, 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. அதற்குப் பிறகு மூன்று கால் உள்ள எந்தக் கருவியும் அங்கே சந்தேகத்துக்கு உரியதுதான்.

“இல்லங்கய்யா, பாறையில வல்லூறு உக்காந்திருக்கு. போட்டோ எடுக்கிறேன்” என்று சொல்லி அவரையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. அப்புறம் கேட்டார், “இப்படி எடுக்கிறதுக்கு என்ன பேரு?” டிஜிஸ்கோப்பிங் என்றேன். “அது சரி, நம்ம பேச்சுல?”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்த விளக்கம்.

பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில், நம் கண் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு சின்ன கேமராவை வைத்துப் படம் எடுப்பதுதான் டிஜிஸ்கோப்பிங். லட்சங்களில் விலை சொல்லும் பீரங்கி லென்சுகள் இல்லாதவர்களுக்கு வாய்த்த குறுக்குவழி இது. ‘டிஜிட்டல்’ பாதி, ‘ஸ்கோப்’ பாதி. இரண்டையும் ஒட்டவைத்த சொல்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பெயர் வைக்க முடியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: பொருளருகு வில்லை ஒரு பிம்பத்தை உண்டாக்குகிறது, கண்ணருகு வில்லை அதைப் பெரிதாக்கி நமக்குக் காட்டுகிறது. கண்ணருகு வில்லையைவிட்டு வரும் கதிர்கள் ஏறத்தாழ இணையாக வருகின்றன. வெகுதூரத்துப் பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்கு வருவதும் அப்படிப்பட்ட கதிர்கள்தான். அதனால் கண் சிரமமில்லாமல் பார்க்கிறது. கண்ணை எடுத்துவிட்டு, தூரத்துக்குக் குவியம் வைத்த கேமராவை அங்கே வைத்தால் அதுவும் அப்படியே பார்க்கும். கேமராவுக்கு நடுவில் குழல் இருப்பதே தெரியாது.

கணக்கும் எளிது. ஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கேமராவின் குவியத் தொலைவோடு பெருக்கவேண்டும். 20 மடங்கு ஸ்கோப், 50 மில்லிமீட்டருக்கு நிகரான கேமரா என்றால் 1000 மில்லிமீட்டர் லென்சுக்கு நிகரான படம் கிடைக்கும். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. 60 மில்லிமீட்டர் முகப்பு உள்ள ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் பின்பக்கம் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 3 மில்லிமீட்டர். 60 மடங்குக்குத் திருகினால் அது 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். படம் இருட்டும், ஷட்டர் வேகம் குறையும், லேசாகக் காற்றடித்தாலே கலங்கும். புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, ஜூமைக் கடைசிவரை திருகுவது. நானும் செய்தேன்.

இந்த மெல்லிய கற்றைதான் சின்ன கேமராவுக்கு இங்கே பெரிய மரியாதையைத் தேடித் தந்தது. சின்ன லென்சை அந்தக் கற்றைக்கு நேராக, போதிய அளவு நெருக்கமாக வைக்க முடிகிறது. பெரிய கேமராவின் அகன்ற லென்சை வைத்தால் பெரும்பாலும் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் கறுப்புமாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரிதான் படம் வரும். சின்ன கேமராவிலும் அந்தக் கறுப்பு வளையம் கொஞ்சம் வரும். கேமராவின் ஜூமைச் சற்றே முன்னே தள்ளினால் போய்விடும். கை நடுங்காமல் இருக்க 2 நொடி டைமர். கேமராவும் ஸ்கோப்பும் நேர்க்கோட்டில் நிற்க ஓர் இணைப்பான். கடையில் விற்பதை வாங்க மனசில்லாமல் நான் ஹார்டுவேர் கடையில் பிவிசி ரெட்யூசர் ஒன்று வாங்கி, உள்ளே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக்கொண்டேன். மூன்று வருடமாக அதுதான்.

நம்மூருக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு: கானல். சாமநத்தம் கண்மாய்க் கரையில் காலை எட்டு மணிக்கு மேல் நின்றால், எதிர்க்கரையில் நிற்கும் நத்தைகுத்தி நாரை தண்ணீருக்குள் தெரியும் உருவம்போல நெளியும். எவ்வளவு நல்ல ஸ்கோப்பானாலும் நடுவில் இருக்கிற காற்றைத் தாண்டித்தானே பார்க்கவேண்டும்? உருப்பெருக்கம் கூடக்கூட நெளிவும் கூடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 1999-இல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் அலேன் ஃபோசே என்ற பிரெஞ்சுக்காரர், பறவை பார்ப்பவர். அதே ஆண்டு மலேசியாவில் லாரன்ஸ் போ என்பவர் ஒரு நிக்கான் கூல்பிக்ஸ் கேமராவை ஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அந்தப் படங்களால் உலகம் முழுக்கப் பெயர் பெற்றார். அந்த ஆண்டு வெளிவந்த கூல்பிக்ஸ் 950-இல் 2 மெகாபிக்சல்தான். ஆனால் ஜூம் செய்யும்போது அதன் லென்ஸ் வெளியே நீளாது, உள்ளுக்குள்ளேயே நகரும். ஸ்கோப்போடு ஒட்டி வைக்க அதைவிட என்ன வேண்டும்? பிலிம் காலத்திலும் தொலைநோக்கி வழியே படம் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் கழுவிப் பார்க்கும்வரை பறவை விழுந்ததா, கறுப்பு வளையம் விழுந்ததா என்று தெரியாது. உடனே திரையில் பார்த்துத் திருத்தலாம் என்று ஆன பிறகுதான் இது வழக்கமாகி, ஒரு பெயரும் தேவைப்பட்டது.

‘டிஜிட்’ என்பதன் மூலம் ‘டிஜிட்டுஸ்’ என்ற லத்தீன் சொல். பொருள் விரல். விரலால் எண்ணியதால் எண்ணுக்கும் அதே பெயர் வந்தது. நாமும் ‘விரல்விட்டு எண்ணிவிடலாம்’ என்கிறோம். ஒரு வேடிக்கை: பிரெஞ்சு மொழியில் டிஜிட்டலுக்குப் புழங்கும் சொல் ‘நூமெரிக்’, அதாவது எண் சார்ந்தது. நம் ‘எண்ணிமம்’ போலத்தான். ஃபோசே தன் மொழியின் எண்ணை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

‘ஸ்கோப்’ கிரேக்கச் சொல். ‘ஸ்கோப்பேன்’ என்றால் கூர்ந்து பார்த்தல். ‘டெலஸ்கோப்’ என்ற பெயர் 1611-இல் கலிலியோவின் கருவிக்கு வைக்கப்பட்டது. பிஷப் என்ற சொல்லுக்கும் இதே வேர்தான்: ‘எபிஸ்கோப்போஸ்’, மேலிருந்து பார்த்துக்கொள்பவர். தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் ‘கண்காணி’ என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்றால் அப்படி இருக்கவேண்டும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘எண்ணிமத் தொலைநோக்கி ஒளிப்படவியல்’ என்று யாராவது எழுதக்கூடும். எழுதிவிட்டு அவர்களே ஒருமுறைகூடச் சொல்ல மாட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, ‘எண்ணிம’ இங்கே தேவையே இல்லை. 1999-இல் டிஜிட்டல் கேமரா புதுமை, பெயரில் போட்டுக்கொண்டார்கள். இன்று எந்தக் கேமரா டிஜிட்டல் இல்லை? காலாவதியான பாதியை நாம் ஏன் மொழிபெயர்த்துச் சுமக்கவேண்டும்? ‘தொலைநோக்கிப் படம்’ என்றால் தொலைநோக்கியையே எடுத்த படம் என்றோ, விண்வெளிப் படம் என்றோ தோன்றும்.

என் விருப்பம் ‘நோக்கிப்படம்’. பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி, வடிகட்டி என்று வீட்டிலேயே இருக்கும் அதே ‘இ’ விகுதிதான் நோக்கியிலும்: நோக்க உதவும் கருவி. அதன் வழியே எடுத்த படம் நோக்கிப்படம். அதே ‘நோக்கி’ வினையெச்சமும்கூட. நோக்கிப் படமெடுத்தான் என்றால், முதலில் நோக்கினான், பிறகு எடுத்தான். இந்த வேலையின் வரிசையும் அதுதான்: முதலில் கண்ணை வைத்துப் பறவையைத் தேடிக் குவியம் பிடிக்கவேண்டும், பிறகுதான் கேமராவுக்கு இடம் விடவேண்டும். கண் தேடாததைக் கேமரா அந்தச் சின்ன வட்டத்துக்குள் தேடிப் பிடிக்காது. பார்க்கக் கண் திறந்திருந்தால் போதும், நோக்க மனமும் வேண்டும். தொல்காப்பியம் செய்யுளின் உறுப்புகளில் ஒன்றாக ‘நோக்கு’ என்பதைச் சொல்கிறது. ‘பறவை நோக்குதல்’ என்ற வழக்கும் ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சொல் அந்தக் குடும்பத்திலேயே போய்ச் சேர்ந்துகொள்ளும்.

கேமராவுக்குப் பதில் செல்போனை வைத்தால் ஆங்கிலத்தில் ‘போன்ஸ்கோப்பிங்’ என்று தனிப்பெயர். நமக்கு அந்தச் செலவு இல்லை. அதுவும் நோக்கிப்படமே.

படங்களின் கீழே இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்: ‘நத்தைகுத்தி நாரை, சாமநத்தம் கண்மாய், நோக்கிப்படம், 20 மடங்கு.’ பேச்சில் இன்னும் “ஸ்கோப்புல வச்சு எடுத்தது”தான் வாயில் வருகிறது.