‘வுட் ஹேவ் பீன்’ என்று எழுதும் முன்

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வரும் மனுக்களில் யானைச் சேதம் பற்றியவை நிறைய. “ராத்திரி யானை வந்துதான் சுவரை இடிச்சிருக்கும்” என்று தமிழில் எழுதியிருப்பார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை அதையே “த வால் வுட் ஹேவ் பீன் டேமேஜ்டு பை எலிஃபன்ட்ஸ்” என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கும்.

இந்த வாக்கியம் மனுதாரரின் காலையே வாரிவிடும். நம் ‘இருக்கும்’ நடந்ததைப் பற்றிய ஊகம். ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ் பீன்’ பெரும்பாலும் நடக்காததைச் சொல்ல வருவது: வேலி இல்லாமல் போயிருந்தால் சுவர் இடிக்கப்பட்டிருக்கும், நல்லவேளை இடிக்கப்படவில்லை. ஊகத்துக்கும் அது சில இடங்களில் வரும்தான். ஆனால் இழப்பீடு கேட்கும் தாளில் அந்த இரட்டை அர்த்தத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது.

சுவர் இடிந்தது கண்ணால் கண்ட உண்மை. அதை ‘வாஸ் டேமேஜ்டு’ என்று நேராக எழுதுங்கள். யானையை யாரும் பார்க்கவில்லை, கால்தடமும் சாணமும் கிடக்கின்றன என்றால் அவற்றைத் தனி வாக்கியத்தில் சொல்லுங்கள். அதன் பிறகு ‘மஸ்ட் ஹேவ் பீன் டேமேஜ்டு பை எலிஃபன்ட்ஸ்’ என்று வரலாம். ஆதாரத்தை வைத்து உறுதியாக ஊகிக்கிறோம் என்பதே அதன் பொருள். ஆதாரம் முன்னால் இல்லாத ‘மஸ்ட்’ வெறும் அழுத்தம்தான்.

நமக்கு வரும் கடிதங்களிலும் இதே கவனம் வேண்டும். தேயிலை ஏற்றிய பிக்கப் மலைப்பாதையில் கவிழ்ந்தது என்று வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தில் ‘மே ஹேவ் பீன் ஓவர்லோடட்’ என்று இருக்கிறது. அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கலாம் என்கிறார்கள், அவ்வளவே. ஏற்றப்பட்டது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் வருத்தம். எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரிவுக்கு மேலே மழைநீர் தேங்காமல் வடிவது இங்கே உயிர்ப்பிரச்சினை. அப்படிப்பட்ட ஊரில் ஓர் அறிக்கை ‘த டிரெயின் ஷுட் ஹேவ் பீன் கிளியர்டு’ என்று சொன்னால், வடிகால் தூர்வாரப்படவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ‘குட் ஹேவ் பீன் அவாய்டட்’ என்றால் தவிர்க்க வழி இருந்தது, தவிர்க்கவில்லை. இரண்டிலும் யார் செய்திருக்க வேண்டும் என்பது விடுபட்டிருக்கிறது. செயப்பாட்டு வினையில் செய்தவர் பெயர் இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். ஆகவே ‘யாரால்?’ என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் வேலைவாய்ப்பு அறிவிப்பில் வரும் ‘ஷுட் ஹேவ் பீன்’ வேறு. குறிப்பிட்ட தேதிக்குள் சான்றிதழ் ‘ஷுட் ஹேவ் பீன் இஷ்யூட்’ என்றால் அது நிபந்தனை, குறை கூறல் இல்லை. ‘மஸ்ட்’டும் அப்படியே. அறிவிப்பில் கட்டாயம், மருத்துவ அறிக்கையிலோ விபத்து அறிக்கையிலோ ஊகம். எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

‘நாட்’ சேரும்போது இன்னும் கவனம். ‘மே நாட் ஹேவ் பீன் சைன்டு’ என்றால் கையெழுத்து இடப்படாமல் இருந்திருக்கலாம், இடப்பட்டும் இருக்கலாம். ‘கேனாட் ஹேவ் பீன் சைன்டு’ என்றால் இடப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

தவறான வாக்கியத்தோடு மனு ஏற்கெனவே போயிருந்தால், அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு விளக்கக் கடிதம் அனுப்புங்கள். தமிழ் மூலத்தையும் கூடவே இணையுங்கள். கடிதம் பெற்றதற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.