உத்திரம் தளர்ந்தாலும் விழாத தளம்

1990 ஜூன் 23. லண்டனின் பிராட்கேட் பகுதியில் கட்டுமானம் முடியாத 14 மாடி எஃகுக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. எஃகுக்குத் தீக்காப்புப் பூச்சு முழுதாக முடியவில்லை. தீ கண்டதும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர்களும் இயங்கும் நிலைக்கு வரவில்லை. தீ நாலரை மணி நேரம் எரிந்தது. சில தூண்கள் நசுங்கி 10 செ.மீ. வரை குட்டையாயின. தளம் சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் தொய்ந்தது. ஆனால் எந்த மாடியும் இடிந்து விழவில்லை. ஒவ்வோர் உத்திரத்தையும் தனியாகப் பிரித்துப் போடும் வழக்கமான கணக்கால் இதை விளக்க முடியவில்லை.

எஃகும் காங்கிரீட்டும் சேர்ந்து சுமக்கும் அந்த மாதிரித் தளம் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். எஃகு உத்திரங்களின்மேல் மேடுபள்ளமாக மடித்த, சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள டெக் ஷீட்டை விரிப்பார்கள். ஈரக் காங்கிரீட்டின் எடையை அதுவே தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் சென்ட்ரிங் பலகையும் முட்டும் தேவைப்படாது. காங்கிரீட் இறுகியதும் அதே தகடு அடிக்கம்பியின் வேலையை எடுத்துக்கொள்கிறது. தளம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அமுக்கத்துக்குக் காங்கிரீட், இழுப்புக்கு எஃகு.

இது நடக்க வேண்டுமானால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று நழுவக் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளைச் சும்மா அடுக்கி வைத்தால் விறைப்பு ஒரு பலகையைப்போல இரண்டு மடங்குதான். நழுவாமல் ஒட்டிவிட்டால் எட்டு மடங்கு. அதனால்தான் தகட்டில் சிறுசிறு புடைப்புகளை அழுத்தி வைக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் தளத்தின் ஓரத்தில் அளவி பொருத்தி, காங்கிரீட் 0.1 மி.மீ. நழுவும்போது எவ்வளவு சுமை இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். இத்தகைய தளங்கள் பலவும் தகடு அறுவதற்கு முன்பே இந்த நழுவலால்தான் தோற்கின்றன.

உத்திரத்துக்கும் தளத்துக்கும் உள்ள பிடிப்பை ஸ்டட் என்ற எஃகு முளை கொடுக்கிறது. பொதுவாக 19 மி.மீ. விட்டம், சுமார் 10 செ.மீ. உயரம், மேலே தடித்த தலை. தகட்டின் ஊடாகவே உத்திரத்தோடு மின்வில்லால் ஏறக்குறைய ஒரு நொடியில் வெல்டிங் ஆகிவிடும். அப்புறம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் வெல்டிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி தீ. எஃகு 600 டிகிரி செல்சியஸில் தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். 800 டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். தகடும் சூடேறிக் காங்கிரீட்டை விட்டுப் பிரியத் தொடங்கும். அப்போது சுமையை யார் தாங்குவது?

பிராட்கேட் எழுப்பிய இந்தக் கேள்விக்காக, 1990களின் நடுவில் இங்கிலாந்தின் கார்டிங்டனில், பழைய வான்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றையே எழுப்பித் தீ வைத்துப் பார்த்தார்கள். தூண்களுக்குக் காப்பு கொடுத்துவிட்டு உத்திரங்களை வெறுமனே விட்ட ஒரு சோதனையில் எஃகின் வெப்பம் 1,100 டிகிரியைத் தாண்டியது. தளம் சுமார் 60 செ.மீ. தொய்ந்தது. விழவில்லை.

விடை தொய்விலேயே இருக்கிறது. அதிகமாகத் தொய்ந்த தளம் வளைவை எதிர்க்கும் பலகையாக இல்லாமல் இழுபடும் விரிப்பாக மாறுகிறது. நடுப்பகுதியில், காங்கிரீட்டுக்குள் பதித்திருக்கும் கம்பி வலை எல்லாத் திசையிலும் இழுபட்டுச் சுமையைத் தொங்கவைத்துத் தாங்குகிறது. அந்த இழுப்பு ஓரங்களை உள்நோக்கிச் சுருக்கப் பார்க்க, சுற்றியுள்ள காங்கிரீட் அமுக்க வளையமாக நின்று எதிர்க்கிறது. பக்கத்து அறைகளின் துணைகூட இதற்குக் கட்டாயமில்லை. என்னை மிகவும் கவர்வது அந்த வலைதான். வெடிப்பைக் கட்டுப்படுத்தத்தான் அதைப் போடுவது வழக்கம்; கார்டிங்டனில் இருந்தது 20 செ.மீ. இடைவெளியில் ஓடிய வெறும் 6 மி.மீ. கம்பி. மேலே காங்கிரீட் மூடியிருந்ததால் வெப்பம் அதை மெதுவாகத்தான் எட்டியது.

இந்த நடத்தையை நம்பி வடிவமைக்கும்போது உட்புற உத்திரங்கள் சிலவற்றுக்குத் தீக்காப்பே இல்லாமல் விடுகிறார்கள். ஆனால் தளத்தை நான்கு பக்கமும் தாங்கும் உத்திரங்களுக்கும் தூண்களுக்கும் காப்பு கட்டாயம். ஓரம் இறங்கிவிட்டால் அமுக்க வளையம் உருவாகாது. இன்னொன்று, ஒரு வலைத் துண்டின்மேல் அடுத்த துண்டு போதுமான நீளம் ஏறியிருக்க வேண்டும். வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் தீயின்போது தளம் அந்தக் கோட்டில்தான் பிளக்கும். காங்கிரீட் கொட்டிய பிறகு அந்தத் தவறு யார் கண்ணிலும் படாது.