ஒரே சிகாகோ, முப்பது ஆண்டு வித்தியாசம்

சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் குடியிருக்கும் நம் தமிழர்கள் பலருக்கு, நகரின் தென்பகுதியில் உள்ள எங்கிள்வுட் என்றதும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திதான் நினைவுக்கு வரும். அதே தென்பகுதியில் குடும்ப மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ரத்த அழுத்தம்.

நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 500 பெரிய நகரங்களை ஒப்பிட்டு 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரே நகரின் பகுதிகளுக்குள் ஆயுள் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தது சிகாகோவில்தான். ஏரிக்கரை ஸ்ட்ரீட்டர்வில்லில் சராசரி ஆயுள் சுமார் 90. பதினைந்து கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத எங்கிள்வுட்டில் சுமார் 60.

கொலையும் போதை மரணமும் இளம் வயதிலேயே நிகழ்வதால் சராசரியை வெகுவாகக் குறைக்கின்றன. உண்மைதான். ஆனால் இதய நோய், பக்கவாதம், சர்க்கரை நோய், முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய் ஆகியவற்றால் போகும் உயிர்கள் செய்தியில் வருவதில்லை. நாற்பதுகளிலேயே டயாலிசிஸுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது மனம் ஆறுவதில்லை.

"அவங்க உடம்பைப் பார்த்துக்கிறதில்லை" என்று எங்கிள்வுட் மக்களைப் பற்றி நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் இதை ஏற்கவில்லை. எங்கிள்வுட் போலக் கறுப்பினத்தவர் குடியேறிய பகுதிகளுக்கு வங்கிகள் பல பத்தாண்டுகள் வீட்டுக்கடன் மறுத்தன. வேலைகள் போயின, கடைகள் மூடின. 1960-இல் 97,000 பேர் இருந்த எங்கிள்வுட்டில் 2020-இல் இருந்தது அதில் கால்வாசிதான். 2016-இல் அங்கே திறந்த ஹோல் ஃபுட்ஸ் காய்கறி, மளிகைக் கடையும் 2022-இல் மூடப்பட்டது. குண்டடிபட்ட பெரியவர்களைச் சேர்க்க, உயர்நிலை விபத்துக் காய சிகிச்சை மையம் ஒன்றுகூட 1991 முதல் 2018 வரை தென்பகுதியில் இல்லை. அப்பகுதி இளைஞர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகுதான் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனை அதைத் திறந்தது.

அதனால் "காய்கறி சாப்பிடுங்க, தினமும் நடங்க" என்று சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேட்கிறேன். காய்கறி எங்கே வாங்குவீர்கள்? சாயங்காலம் உங்கள் தெருவில் நடக்க முடியுமா? மருந்துக்கடைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்? பதிலைப் பொறுத்து மூன்று மாத மாத்திரையை மொத்தமாக எழுதுகிறேன், தபாலில் வரவழைக்கிறேன், வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் கருவிக்குக் காப்பீட்டில் வழி தேடுகிறேன். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, தென்பகுதி சமூக மருத்துவ மையங்களையும் பட்டியலில் சேர்க்கட்டும். அங்கே ஆள் தேவை.