ஹோமிங் தவறும்போது லேசர் கட்டர் சொல்வது என்ன?

லேசர் கட்டருக்கு மின்சாரம் கொடுத்த நொடியில், தன் தலை எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. எக்ஸ், ஒய் அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களுக்கு ‘இத்தனை படி நகரு’ என்ற கட்டளை போகிறது. நகர்ந்துவிட்டேன் என்ற பதில் திரும்பி வருவதில்லை. இருட்டறைக்குள் நுழைந்தவர் கையை நீட்டிச் சுவரைத் தொட்ட பிறகே இடம் பிடிபடுவதுபோல, இயந்திரமும் ஒரு மூலைக்குப் போய், அங்கு எல்லையை உணர வைத்திருக்கும் லிமிட் சுவிட்சைத் தொட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. இந்தத் தேடலுக்குத்தான் ஹோமிங் என்று பெயர்.

சிறிய டயோடு லேசர்கள் பலவற்றை இயக்குவது ஜிஆர்பிஎல் என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது போர்டின் சிப்பிலேயே பதிந்து ஓடும் மென்பொருள். 2009-இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் தொடங்கியது. ஆர்டுயினோ ஊனோ போர்டின் சிறிய சிப்பிலேயே ஓடிவிடும். அதில் ஹோமிங் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தலை வேகமாகப் போய் சுவிட்சைத் தொடும். சற்றுப் பின்வாங்கி, மிக மெதுவாக மறுபடி தொடும். வேகமாகத் தொட்ட இடம் தோராயமானது, மெதுவாகத் தொட்ட இடமே கணக்கில் சேரும். கடைசியாக மீண்டும் ஒருமுறை பின்வாங்கி நிற்கும்.

ஹோமிங் தவறினால் உடனே செட்டிங்குகளை மாற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். செட்டிங்கில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலை எப்படி நகர்ந்து எங்கே நின்றது என்பதை முதலில் பாருங்கள்; பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தலை மூலையில் போய் முட்டி, பெல்ட் கடகடவென்று அதிர, அதன்பிறகும் நகர முயல்கிறதா? சுவிட்ச் அழுத்தப்பட்ட செய்தி போர்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம், சுவிட்சின் நாக்கு வளைந்து தலை அதைத் தொடாமலே கடந்திருக்கலாம். ஒளியால் வேலை செய்யும் சுவிட்சாக இருந்தால், வெட்டும்போது எழும் புகைக்கரி அதன் கண்ணில் படிந்திருக்கலாம். இந்த வகைச் சுவிட்ச், கே40 போன்ற கார்பன் டைஆக்சைடு லேசர்கள் சிலவற்றில் உண்டு.

தலை எதையும் முட்டாமல் நடுவழியிலேயே நின்று ‘அலாரம் 9’ காட்டினால் கதை வேறு. ஜிஆர்பிஎல்லின் ஒவ்வொரு செட்டிங்குக்கும் $ குறியோடு ஓர் எண் உண்டு; $130, $131 ஆகியவற்றில் எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு எழுதிய அதிகபட்ச நீளத்தின் ஒன்றரை மடங்கு வரைதான் சுவிட்சைத் தேடும். ஃபர்ம்வேரோடு வரும் மதிப்பு 200 மி.மீ. என்றால், 300 மி.மீ. போனதும் தேடலைக் கைவிட்டுவிடும். உங்கள் மேசை 400 மி.மீ. நீளம் என்றால், எதிர்மூலையிலிருந்து கிளம்பிய தலை சுவிட்சை எட்டவே எட்டாது. தலையைக் கையால் மூலைக்கு அருகே தள்ளிவைத்து ஹோம் செய்தால் சரியாக வேலை செய்யும். தூரத்தில் விட்டால் தவறும். ‘சில நாள் சரியாக இருக்கிறது, சில நாள் இல்லை’ என்ற புகாருக்குப் பின்னால் இந்தச் சிறிய எண் இருப்பதுண்டு.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் சுவாரசியமானது. ஹோமிங் கொடுத்ததும் தலை சுவிட்சை நோக்கிப் போகாமல், எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து ‘அலாரம் 8’ காட்டி நிற்கும். பார்ப்பவர் திசை தவறிவிட்டது என்று நினைத்து, ஹோமிங் திசையைச் சொல்லும் $23-ஐ மாற்றத் தொடங்குவார். உண்மையில் நடந்தது வேறு. சுவிட்ச் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருப்பதாகவே போர்டுக்குத் தெரிகிறது. எனவே தேடும் கட்டம் தொடங்கிய கணமே முடிந்து, பின்வாங்கும் கட்டம் வந்துவிட்டது. பின்வாங்கியும் சுவிட்ச் விடுபடவில்லை. அழுத்தாதபோது மூடியிருக்கும் சுவிட்ச், அழுத்தாதபோது திறந்திருக்கும் சுவிட்ச் என்று இரண்டு வகை உண்டு. சுவிட்ச் ஒரு வகையாகவும், எந்த வகை என்று போர்டுக்குச் சொல்லும் $5 அதற்கு எதிராகவும் இருந்தால் இப்படித்தான் ஆகும். மூடியிருக்கும் வகையில் ஒயர் அறுந்தாலும் இதே அறிகுறிதான்.

இந்த மூன்றில் எது என்று உறுதிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. மோட்டார்கள் நின்றிருக்கும்போது, கட்டளைப் பெட்டியில் வெறும் கேள்விக்குறியை அனுப்புங்கள். இயந்திரம் தன் நிலையைச் சொல்லும். ஏதாவது சுவிட்ச் அழுத்தப்பட்டதாகத் தெரிந்தால், பதிலில் ‘Pn:’ என்ற குறிக்குப் பின் அந்த அச்சின் எழுத்தும் வரும். இப்போது எக்ஸ் சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டே மறுபடி கேளுங்கள். எக்ஸ் வந்தால் சுவிட்சும் ஒயரும் நலம். ஒன்றும் வராவிட்டால் ஒயரைத் தேடுங்கள். ஒய் வந்தால் பிளக்குகள் இடம் மாறியிருக்கின்றன. யாரும் தொடாமலே வந்தால் $5-ஐயும், மூடியிருக்கும் வகைச் சுவிட்சானால் ஒயரையும் பாருங்கள்.

திசை விஷயத்தில் வரிசை முக்கியம். வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் தலை வலப்பக்கம் போக வேண்டும். அது $3-இன் வேலை. அது சரியான பிறகே, எந்த மூலையைத் தேட வேண்டும் என்பதை $23-இல் சொல்ல வேண்டும். இடது முன்மூலையில் சுவிட்சுகள் உள்ள இயந்திரத்துக்கு அதன் மதிப்பு 3. விலை குறைந்த சில இயந்திரங்களில் லிமிட் சுவிட்சே கிடையாது. அவற்றில் ஹோமிங்கை இயக்கிப் பயனில்லை. தலையைக் கையால் மூலையில் வைத்துவிட்டு இயந்திரத்தை ஆன் செய்வதுதான் முறை.

எல்லாம் சரியாக இருந்தும் எப்போதாவது நடுவில் நின்றால், மின் இரைச்சலைச் சந்தேகியுங்கள். சுவிட்சின் மெல்லிய ஒயர் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், மோட்டாரின் மின்துடிப்புகள் அதில் ஏறிப் பொய்ச்செய்தி தரும். இரண்டையும் பிரித்து ஓட்டுங்கள். போதாவிட்டால் உலோக வலை உறையிட்ட ஒயர் போட்டு, போர்டின் பக்கம் 0.1 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். கே40-இன் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்; அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

ஹோமிங் நடக்கிறது, ஆனால் வெட்டு இடம் மாறுகிறது என்றால் மாஸ்கிங் டேப்பில் சோதியுங்கள். மிகக் குறைந்த சக்தியில், உரிய கண்ணாடி அணிந்து, ஒரே இடத்தில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஹோம் செய்து வைத்த புள்ளிகள் சிதறினால், முதலில் சுவிட்சைப் பிடித்திருக்கும் தகட்டை இறுக்குங்கள். ஒருமுறை ஹோம் செய்தபின் வேகமாக அங்குமிங்கும் ஓட்டி, மறுபடி ஹோம் செய்யாமல் அதே இடத்தில் வைத்த புள்ளி விலகினால், கோளாறு புல்லியின் திருகிலோ பெல்ட்டிலோ மோட்டாரிலோ இருக்கிறது. விலகலை அளந்து பாருங்கள். சுற்றுக்கு 200 படி மோட்டாரும் 2 மி.மீ. இடைவெளியில் 20 பல் உள்ள புல்லியும் இருந்தால், ஒரு முழுப் படி 0.2 மி.மீ. மோட்டார் தடுமாறும்போது நான்கு நான்கு படியாகத்தான் நழுவும். ஆகவே விலகல் 0.8, 1.6, 2.4 மி.மீ. என்று வந்தால் மோட்டார் படி தவறுகிறது என்று கொள்ளலாம். முடுக்கத்தைக் குறைத்து, தண்டவாளத்தில் எங்காவது இறுக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.