டிஸ்டோபியா: திரிந்த நிலத்துக்கு ஒரு பெயர்

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை (படிப்பகம்) ஒன்றில் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இரண்டு ஜப்பானிய அனிமேஷன் படங்களைத் திரையிட்டோம். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அண்ணா, டிஸ்டோபியாவுக்குத் தமிழில் என்ன சொல்? மலையாளத்திலும் டிஸ்டோபியா என்றுதானே எழுதுகிறார்கள்?”

டிஸ்டோபியா என்பது கெட்டுப்போன சமூகத்தைக் காட்டும் கற்பனை உலகம். அதை விளக்க, குறையற்ற கற்பனை நாட்டுக்குத் தாமஸ் மோர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1516இல் உருவாக்கிய ‘உடோபியா’ என்ற பெயரிலிருந்து தொடங்க வேண்டும். கிரேக்கத்தில் ‘டோபோஸ்’ என்றால் இடம். உடோபியா, இல்லாத இடம். ‘டிஸ்’ என்பது கெட்டது, கோளாறானது. 1868இல் அயர்லாந்து நிர்வாகம் பற்றிய விவாதத்தில், பிரிட்டன் நாடாளுமன்றத்தில் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்த்தரப்பாரை ‘டிஸ்டோபியர்கள்’ என்றார். கதைக்கு வருவதற்கு முன்பே ஆட்சியைச் சாடப் பயன்பட்ட சொல் இது. அதனால்தான் இதற்குத் தமிழில் ‘துயருலகம்’ என்று சொல்வது எனக்குப் போதவில்லை. துயரம் புயலாலும் வரும். இங்கே கேட்டைச் செய்வது ஓர் ஏற்பாடு.

1993இல் வந்த ‘பேட்டில் ஏஞ்சல்’ படத்தில் அந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்க்கலாம். வானில் ஒரு நகரம் தொங்குகிறது. அதன் குப்பை முழுவதும் கீழே வாழ்பவர்கள் தலையில் விழுகிறது. அந்தக் குப்பைமேட்டில்தான் மருத்துவர் இடோ, அலிட்டா என்று உலகம் அறிந்த, இயந்திர உடல் கொண்ட பெண்ணைக் கண்டெடுக்கிறார். தலையும் சிதைந்த மார்பும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் உயிர் இருக்கிறது. அந்தக் காட்சியில் எங்கள் கூடத்தில் பேச்சு நின்றுபோனது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிச் சிற்றூர்களில் கொட்டியதும், பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றதும் எல்லையோரத்தில் வாழும் எங்களுக்கு மறக்கவில்லை.

1995இல் மமோரு ஓஷி இயக்கிய ‘கோஸ்ட் இன் த ஷெல்’ இதற்கு நேர்மாறு. 2029இல் நடக்கும் கதை; வசதிக்குக் குறைவில்லாத ஊர். நாயகி மொட்டோக்கோ குசனாகி அரசின் சிறப்புப் படையில் மேஜர். அலிட்டாவைவிட வலியவள், ஆனால் அந்த இயந்திர உடல் அவளுடையதன்று. வேலையை விட்டால் உடலைத் திருப்பித் தர வேண்டும் என்று படகில் அமர்ந்து அவளே சொல்கிறாள். எனக்கு இந்தப் படமே கூடுதலாக அச்சமூட்டியது. குப்பையிலிருந்து எழுந்து ஓடலாம். தன் தோலிலிருந்து எங்கே ஓடுவது?

இரண்டுக்கும் பொருந்தும் சொல்லைச் சிலப்பதிகாரத்தில் கண்டேன். அதிகாரிகளோடு அரசனும் கோணிப்போக, முறை இழந்த நாட்டை உவமை காட்டிவிட்டு, காடுகாண் காதை சொல்கிறது:

“முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.”

பாலை தனி நிலமன்று. நல்ல நிலம் திரிந்து பாலையாகிறது. பால் திரிந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறோமே, அதே திரிதல். எனவே டிஸ்டோபியாவுக்குத் ‘திரிநிலம்’ என்பேன். ‘பாலை’ என்றே சொல்லலாம்தான், ஆனால் கேட்பவர் மனத்தில் பிரிவும் வெயிலும் வந்துவிடும். திரிநிலக் கதை, திரிநிலப் படம் என்று அடைமொழியாகவும் இது எளிதில் வருகிறது.

அடுத்த திரையிடலுக்கான அறிவிப்பை அந்த மாணவியே எழுதினாள். ‘திரிநிலப் படம்’ என்று பெரிதாக எழுதி, கீழே மலையாள எழுத்தில் டிஸ்டோபியா என்றும் சேர்த்திருந்தாள்.