ஸ்டாக்டு ஏரியா சார்ட்: அடுக்குப் பரப்பு விளக்கப்படம்

மே மாதம் தொடங்கி ஜூலை முடியும் வரை எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எடை மேடைச் சீட்டுகளை வைத்து, எந்த ரகம் எந்தத் தேதியில் எத்தனை டன் வந்தது என்று பவர் பிஐ என்ற மென்பொருளில் படம் போட்டுக் காட்டுவதும் என் வேலைதான். ரகத்துக்கு ஒரு வண்ணப் பட்டை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரும். அந்தப் படத்துக்குப் பெயர் ஸ்டாக்டு ஏரியா சார்ட். தமிழில் அறிக்கை எழுத வேண்டி வந்தபோது மொழிபெயர்ப்புக் கருவியைக் கேட்டேன், ‘அடுக்கப்பட்ட பகுதி அட்டவணை’ என்றது. அட்டவணை என்றால் கட்டம் கட்டமாக எண்களை எழுதுவது, இங்கே ஒரு கட்டம்கூட இல்லை. பகுதி என்றால் பாதி, கால் என்று பிரிப்பதாகவோ ஓர் ஊர்ப் பகுதியாகவோதான் படிப்பவருக்குத் தோன்றும். சரி, சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பார்த்தால் எல்லாம் நம் களத்துமேட்டுச் சொற்கள்! ஸ்டாக் என்பது வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில் வைக்கோல் போரைக் குறித்த சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஏரியா லத்தீன் சொல். சமமான வெற்று நிலம் என்று பொருள், கதிரடிக்கும் களத்துக்கும் அதே பெயர்தான். நிலத்தைச் சொன்ன சொல் பின்னால்தான் பரப்பின் அளவுக்கும் ஆகிவந்தது. சார்ட் கிரேக்கத்தில் பாப்பிரஸ் என்ற கோரையில் செய்த ஏட்டைக் குறித்து, லத்தீன் வழியாக வந்தது. அதாவது களத்தில் போட்ட போரை ஓலையில் வரைந்த மாதிரி. கேழ்வரகு அடித்த களத்தையும் பக்கத்தில் போட்டிருக்கும் தாள் போரையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது அந்நியமான சங்கதியே இல்லை.

அப்புறம் தமிழ்ச் சொல். ஸ்டாக் என்பதற்குக் ‘குவிப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. குவியலில் எது அடியில், எது மேலே என்ற கணக்கே கிடையாது, கொட்டினால் குவியல். அடுக்கு அப்படியில்லை. அடுக்குப்பானையை நினைத்துப் பாருங்கள், பெரியது அடியில், சிறியது மேலே, அடிப்பானை ஆடினால் மேலே உள்ளதெல்லாம் ஆடும். இலக்கணத்தில் அடுக்குத்தொடர் என்கிறோமே, ‘பாம்பு பாம்பு’ என்பதைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் நிற்கும். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் இருக்காது. இந்தப் படத்திலும் ஒவ்வோர் அடுக்கையும் தனியே எடுத்தால் அது ஒரு ரகத்தின் முழுக்கணக்கு. அதனால் அடுக்குதான் சரி. ஏரியாவுக்குப் பரப்பளவு வேண்டாம், பரப்பு போதும். பரப்பளவு என்பது அளந்து சொல்லும் எண், இங்கே கண்ணுக்குத் தெரிவது வண்ணம் பூசிய பரப்பு. சார்ட்டுக்கு வரைபடம் என்றால் மேப்பும் அதுதான், கிராஃபும் அதுதான். நம் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பை சார்ட்டை வட்ட விளக்கப்படம் என்றுதானே படித்தோம், அதே வழியில் விளக்கப்படம். ஆக, அடுக்குப் பரப்பு விளக்கப்படம். இடையில் ‘ப்’ கட்டாயம் வேண்டும்.

கோட்டுக்கு ஒட்டி வண்ணம் பூசும் பழக்கம் பழையது. 1786இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு என்று வரைந்து இரண்டுக்கும் நடுவில் வண்ணம் கொடுத்தார். ஆனால் அது இரு கோடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் காட்டியது, அடுக்கு அல்ல.

அடுக்கு என்ற சொல்லை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சீசனில் எங்கள் மேனேஜர் திரையில் விரலை வைத்து, ‘செந்தூரா இந்த வாரம் ஏறியிருக்கே’ என்றார். ஏறவே இல்லை. செந்தூராவும் பெங்களூராவும் மாம்பழ ரகங்கள். அடியில் இருந்த பெங்களூரா 40 டன்னிலிருந்து 60 டன்னுக்குப் போயிருந்தது, மேலே இருந்த செந்தூரா இரண்டு வாரமும் அதே 10 டன்தான். ஆனால் அதன் மேல்விளிம்பு 50இலிருந்து 70க்கு ஏறியது, அவர் விளிம்பைப் படித்தார். படிக்க வேண்டியது விளிம்பின் உயரத்தை அல்ல, பட்டையின் தடிமனை. தரையில் உட்கார்ந்திருப்பது அடியடுக்கு ஒன்றுதான், மற்றவை எல்லாம் தமக்குக் கீழே உள்ளதன் மேடுபள்ளத்தின்மேல் ஏறி உட்கார்ந்தவை. அதனால் ஏற்ற இறக்கம் குறைவான ரகத்தை அடியில் வைப்பேன். யாராவது ஒரு ரகத்தை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அதை அடியில் இறக்கிவிடுவேன், இல்லாவிட்டால் சாதாரணக் கோட்டுப் படமே போட்டுக் கொடுத்துவிடுவேன்.

போடுவது சுலபம். பவர் பிஐயில் ஸ்டாக்டு ஏரியா சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ் அச்சில் தேதி, ஒய் அச்சில் டன், லெஜண்டில் ரகம். டாப்லோ என்ற இன்னொரு மென்பொருளில் காலம்ஸ் என்ற இடத்தில் தேதி, ரோஸ் என்ற இடத்தில் டன், மார்க்ஸ் கார்டில் ஏரியா, ரகத்தை இழுத்துக் கலரில் போட வேண்டும். வண்ணப் பட்டியலில் பெயர்களை மேலும் கீழும் இழுத்தால் அடுக்கின் வரிசையும் மாறும். தேதி என்று நீங்கள் போட்டது மென்பொருளுக்கு வெறும் எழுத்தாகத் தெரிந்தால் நாட்கள் முன்பின்னாக வரும், அதை முதலில் சரிபாருங்கள்.

கூட்டினால் அர்த்தம் வரும் எண்களுக்கு மட்டுமே இந்தப் படம். டன்னைக் கூட்டலாம், மொத்த வரத்து வரும். கிலோ விலையை அடுக்கினால்? செந்தூரா விலையையும் பெங்களூரா விலையையும் கூட்டி வரும் தொகைக்கு எந்தச் சந்தையிலும் பெயர் கிடையாது. லாபநட்டமும் அப்படித்தான், ஒரு மாதம் கழித்தல் குறி வந்தால் அடுக்கே குலைந்துவிடும்.

இன்னொரு வகை இருக்கிறது, எல்லா நாளும் உச்சி 100ஐத் தொடும், ஒவ்வொரு ரகத்தின் பங்கு மட்டும் தெரியும். அதற்கு விழுக்காட்டு அடுக்குப் பரப்பு விளக்கப்படம் என்று எழுதுகிறேன். அதைப் போடும்போது மொத்த டன்னையும் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் 5 டன் வந்த நாளும் 500 டன் வந்த நாளும் அதில் ஒரே உயரம்.